காயத்தின் எண்ணெயும் மரணப்படுக்கையின் எண்ணெயும்

சமாரியன் காயமுற்றவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான் என்று லூக்கா 10:34இல் வாசிக்கிறோம். இவ்வெண்ணெய்க்கு ஞானார்த்தம் கூறிப் பழகிய நாம், அக்காலத்தில் அது எதற்குப் பயன்பட்டது என்று முதலில் ஆராய்தல் நலம்.

அது ஒலிவ எண்ணெய். உணவுக்கும் விளக்குக்கும் உடலில் பூசுவதற்கும் பலஸ்தீன நாட்டு வீடுகளில் வழங்கிய பொருள். எண்ணெயினால் ஆற்றப்படாத காயத்தை ஏசாயா 1:6 நாட்டின் அவலநிலைக்கு உவமையாக்குகிறது. கேட்போர் அவ்வழக்கத்தை அறிந்திருந்ததனாலேயே உவமை பொருந்திற்று. கிரேக்க மருத்துவர் புண்களைத் திராட்சரசத்தால் நனைத்தனர். முதலாம் நூற்றாண்டினரான டயாஸ்கோரிடீஸ் தமது மருந்து நூலில் ஒலிவ எண்ணெயையும், ரோஜா முதலிய மலர்களை ஊறவைத்த எண்ணெய்களையும் விவரித்தார். திராட்சரசம் புண்ணைக் கழுவும். எண்ணெய் வறட்சியைத் தணித்து, கட்டுத்துணி ஒட்டாமல் காக்கும். இதற்கு மேலான ஆற்றலை எண்ணெய்க்கு ஏற்றிக் கூறலாகாது. ஆழ்ந்த காயத்திற்கு மருத்துவரே தேவை.

திருச்சபையில் இவ்வெண்ணெய் வேறு வழியில் சென்றது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன், சமாரியனைக் கிறிஸ்துவாகவும் சத்திரத்தைத் திருச்சபையாகவும் கொள்ளும் விளக்கத்தை எடுத்துரைத்தார். அகஸ்தீன் எண்ணெயை நன்னம்பிக்கையின் ஆறுதலாகக் கண்டார். வியாதியஸ்தனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கக் கட்டளையிடும் யாக்கோபு 5:14, அவன் எழுந்திருப்பான் என்னும் வாக்கோடு தொடருகிறது. ஆயினும் மேற்குச் சபையில் இப்பூசுதல் நாளடைவில் மரிப்போருக்குரிய இறுதிச் சடங்காகச் சுருங்கிற்று. 1439இல் புளோரன்ஸ் சங்கம், மரண பயமுள்ள நோயாளிக்கே இதனை அளிக்கலாம் என விதித்தது.

லூத்தர் 1520இல், யாக்கோபு கூறுவது சுகமடைவதற்கான பூசுதலேயன்றிச் சாவுக்கான ஆயத்தம் அன்று என வாதிட்டு, இதனைச் சாக்கிரமெந்தாக ஏற்க மறுத்தார். அவ்வாதம் நேரியது. ஆனால் சீர்திருத்தச் சபைகளில் பல, சடங்கை நீக்கியபோது எண்ணெயையும் அதனோடு கைவிட்டன. உரோமச் சபையோ 1963இல் 'நோயாளிகளின் பூசுதல்' என்பதே தகுந்த பெயர் என்று அறிவித்தது. 1972இல், ஒலிவ எண்ணெய் கிட்டாத இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் அனுமதித்தது.

எண்ணெய் சடங்காகச் சுருங்கினாலும், உருவகமாக மட்டும் உயர்ந்தாலும், காயமுற்றவன் வழியோரத்திலேயே கிடப்பான். சமாரியன் எண்ணெய் வார்த்ததோடு நின்றுவிடவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்திற்குக் கொண்டுபோனான், இரண்டு பணமும் கொடுத்தான். வியாதியஸ்தரைச் சந்திக்கச் செல்லும் போதகர் ஜெபத்தோடு இவற்றையும் தம் ஊழியத்தில் சேர்த்தெண்ணுவாராக.