'பர்ன்-அவுட்'னா வெறும் களைப்பா? திருப்பனந்தாள் யானைகளும் ஒரு ஆங்கில வார்த்தையின் கதையும்!

'செம டயர்டு ப்ரோ', 'ஃபுல் பர்ன்-அவுட்'... ரெண்டையும் ஒரே அர்த்தத்துலதான் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, நல்லா தூங்கி எழுந்தா போயிடும். இரண்டாவது போகாது. அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் எதற்கு என்ன செய்யணும் என்பது புரியும்.

எங்கிருந்து வந்தது?

'பர்ன்-அவுட்' என்றால் எரிந்து ஓய்ந்துபோவது. எரிபொருள் தீர்ந்த ராக்கெட்டுக்கும், கருகிப்போன மின்சாதனத்துக்கும் இந்த வார்த்தையைச் சொல்வார்கள். டெல்டாக்காரர்களுக்கு இது ஈஸியா புரியும். வயலில் மோட்டார் நின்றுபோனா, 'காயில் எரிஞ்சுபோச்சு' என்போம் இல்லையா... அதேதான்!

தொழுநோயின் வீரியம் அடங்கி, பாதிப்பு மட்டும் மிஞ்சிய நோயாளிகளை 'பர்ன்ட்-அவுட் கேஸ்' என்பார்கள். அதையே தலைப்பாக வைத்து, வாழ்க்கை வெறுத்துப்போன கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றி நாவல் எழுதினார் கிரஹாம் கிரீன்.

மனிதர்களின் வேலைச் சோர்வுக்கு இந்த வார்த்தையை உளவியலுக்குள் கொண்டுவந்தவர், நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர். இலவச மருத்துவமனை ஒன்றில் சேவை செய்தவர்களைக் கவனித்து, 1974-ல் கட்டுரை எழுதினார். அவர் கண்டதில் முக்கியமானது இதுதான்: சோம்பேறிகள் அல்ல, உயிரைக் கொடுத்து உழைப்பவர்களே முதலில் எரிந்துபோகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்?

நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. நாள் முழுக்க நடவு நட்டால் வருவது அசதி. வெயிலில் அலைந்தால் களைப்பு. பஸ்ஸில் போய்வந்தால் அலுப்பு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சலிப்பு. மூச்சு வாங்கினால் இளைப்பு. அது ஆறினால் 'இளைப்பாறுதல்'. பர்ன்-அவுட் என்பது அசதியும் சலிப்பும் 'என்னால ஒண்ணும் ஆகலை' என்ற எண்ணமும் ஒன்றாகச் சேர்ந்தது. 'மனச்சோர்வு' என்று இதைச் சொல்லாதீர்கள். டிப்ரெஷனுக்கு அந்த வார்த்தை பழகிவிட்டது.

யானைகளே இளைத்த ஊர்

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் திருப்பனந்தாளுக்கு, களைப்பைப் பற்றியே ஒரு கதை உண்டு. தாடகை என்ற பெண் மாலை சாத்த வந்தபோது ஆடை நெகிழ, அவளுக்காக இறைவன் தலை சாய்த்தார் என்பது தலபுராணம். (ராமாயணத் தாடகை வேறு!) சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த, சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் முடியவில்லை. யானைகளும் படையும் களைத்து விழுந்தன.

இதைக் கேள்விப்பட்டு அங்கே வந்தார் திருக்கடவூர் குங்குலியக்கலய நாயனார். 'இந்த இளைப்பு எனக்கும் கிடைக்கணும்' என்று நினைத்துக் கயிற்றைக் கழுத்தில் பூட்டி இழுத்தாராம். லிங்கம் நிமிர்ந்தது என்கிறது பெரிய புராணம்.

'அப்போ பிடிச்ச வேலையைச் செஞ்சா களைப்பே வராதா பாஸ்?' என்று கேட்காதீர்கள். நாயனார் தானே விரும்பி இழுத்தார், இழுத்ததும் பலன் கிடைத்தது. நம் ஆபீஸிலோ தினமும் இழுத்தாலும் லிங்கம் நிமிராது. மறுநாளும் அதே கயிறு காத்திருக்கும். சேவை செய்தவர்களே எரிந்துபோனதற்கும் இதுதான் காரணம்.

உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது?

2019-ல் ஐ.சி.டி-11 பட்டியலில் பர்ன்-அவுட்டுக்கு விளக்கம் தந்தது. இது நோயல்ல, சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு. அடையாளங்கள் மூன்று:

1. சக்தியெல்லாம் வடிந்துபோன உணர்வு.
2. வேலை மீது வெறுப்பு, 'எப்படியோ போகட்டும்' என்ற விலகல்.
3. எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம்.

முதலாவது மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் களைப்புதான். மூன்றும் சேர்ந்து நீண்ட நாள் நீடித்தால் உஷாராகுங்கள்!

என்ன செய்யலாம்?

களைப்புக்கு மருந்து ஓய்வு. பர்ன்-அவுட்டுக்கு ஓய்வு மட்டும் போதாது. எரிஞ்ச மோட்டாரை ஆற வைத்தால் ஓடிடுமா? காயில் கட்டணும், லோடையும் குறைக்கணும். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்: வேலைப்பளு, நம் கையில் இருக்கும் சுதந்திரம், அங்கீகாரம், உடன் வேலை செய்பவர்களுடனான உறவு, நியாயம், நம் கொள்கைக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம். இதில் எது இடிக்கிறது என்று யோசித்து, அதை மட்டும் மேலதிகாரியிடம் பேசிப்பாருங்கள். 'எல்லாமே கஷ்டமா இருக்கு' என்பதைவிட, 'ராத்திரி 10 மணிக்கு மேல வர்ற கால்ஸ்தான் பிரச்னை' என்று சொன்னால் தீர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வாரக்கணக்கில் சோர்வு போகவில்லை என்றால், டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு பிரச்னை, டிப்ரெஷன் எல்லாமே களைப்பு வேஷம் போட்டு வரும். மனசு விட்டுப் பேச, மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது. கூப்பிட யோசிக்காதீங்க. யானைக்கே இளைப்பு வரும்போது, நமக்கு வந்தா என்ன தப்பு?