1999 ஏப்ரல் 26: ஃபார்மட் பண்ணாத கம்ப்யூட்டர் பிழைத்த கதை

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. மக்களவையைக் கலைத்த நாள். டீக்கடையில் அதுதான் பேச்சு. திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு டி.டி.பி. சென்டரில் மட்டும் வேற கவலை. காலையில் ஆன் பண்ணிய கொஞ்ச நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரும் அப்படியே நின்றுவிட்டன. மறுபடி ஆன் பண்ணினால், ஒன்றில் ஃபேன் மட்டும் சுத்துது, திரை கருப்பு. இன்னொன்றில் திரை வருது, ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை என்கிறது. வெள்ளிக்கிழமை சித்ரா பௌர்ணமி. அன்னதான நோட்டீஸ், கடை விளம்பரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதற்குள்.

வந்தது சி.ஐ.எச். வைரஸ். எழுதியவர் தைவானில் கல்லூரி மாணவரான சென் இங்-ஹாவ். 1998-ல் வெளியே வந்தது. அளவு ஏறக்குறைய 1 கே.பி. தான். விண்டோஸ் 95, 98-இன் நிரல் கோப்புகளுக்குள் பயன்படாமல் கிடக்கும் காலி இடங்களில் தன்னைத் துண்டு துண்டாக நறுக்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால் கோப்பின் அளவு கூடாது, சந்தேகமும் வராது. அதிகம் பரவிய வகை ஏப்ரல் 26 வரை சும்மா இருந்தது. 1986-ல் அணு உலை வெடித்த அதே தேதி என்பதால் செர்னோபில் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்குத் திருட்டு சிடி வழியாக வந்தது என்று வைத்துக்கொண்டாலும், 1999 மார்ச்சில் ஐ.பி.எம். விற்ற சில ஆப்டிவா கம்ப்யூட்டர்களிலேயே இது இருந்தது. தென்கொரியா, துருக்கி, வங்கதேசம், இந்தியா எல்லாம் பலமாக அடிவாங்கின.

அது செய்தது இரண்டு வேலை. ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்.பி.யில் குப்பையை எழுதி அழித்தது. முடிந்தால் மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பையும் கெடுத்தது. எல்லா போர்டிலும் இது நடக்காது. அப்போது நம்ம ஊரில் நிறைய இருந்த இன்டெல் 430 டி.எக்ஸ். போர்டுகளில் நடந்தது.

முதல் 1 எம்.பி.தான் என்பதைக் கவனியுங்கள். பதிவு ஆபீசில் ரெஜிஸ்டர் எரிந்தால் நிலம் எரிந்துவிடாது. ஆனால் அன்றைக்குப் பலர் நிலமே போச்சு என்று நினைத்தார்கள். சென்டருக்கு வந்த சர்வீஸ்காரரும் அப்படித்தான். திரை வந்த மெஷினை உடனே ஃபார்மட் அடித்து, விண்டோஸை ஏற்றி, "ரெடி" என்றார். வைரஸ் தொடாமல் விட்ட இடத்தின் மேல் புது விண்டோஸ் ஏறி உட்கார்ந்தது. செத்துப்போன மெஷினில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுதான் அதற்கு நல்லதாப் போச்சு.

நான் அப்போது பி.இ. மாணவன், ஸ்டடி லீவில் ஊரில் இருந்தேன். என் சீனியர் ஒருவரைக் கூட்டிப்போனேன். "ஃபார்மட் மட்டும் இனிமே யாரும் பண்ணிடாதீங்கண்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். செத்த மெஷினின் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நார்ட்டன் டிஸ்க் எடிட்டரில் திறந்தார். அந்த டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு பகுதி. வேலையெல்லாம் டி-யில். டி எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லும் முதல் செக்டர்தான் போயிருந்தது. சி முடியும் இடம் வரை செக்டர் செக்டராகத் தேடி, அடுத்த பகுதியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்து, பார்ட்டிஷன் டேபிளைக் கையால் எழுதினார். மூன்று மணி நேரம் ஆச்சு. டி முழுசா வந்தது.

சி கதை வேறு. பழைய ஃபேட் 16 முறையில் கோப்புகளின் அட்டவணை, அதன் நகல், முதன்மை டைரக்டரி மூன்றுமே அந்த முதல் 1 எம்.பி.க்குள் அடங்கிவிடும். அப்படியானால் மீட்பது மிகக் கஷ்டம். இது ஃபேட் 32, 2 ஜி.பி. அட்டவணை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 எம்.பி. முதலாவதில் பாதி போனாலும் நகல் அப்படியே இருந்தது. இதை வைத்து மீட்கும் இலவச நிரல்கள் பிறகு வந்தன: வங்கதேச மாணவர் மோனிருல் இஸ்லாம் ஷரீஃப் எழுதியது ஒன்று, அமெரிக்காவின் ஸ்டீவ் கிப்சன் எழுதியது ஒன்று. கோடிக்கணக்கில் பணம் புரளும் துறையில், பரீட்சைக்குப் படிக்கும் வயசுப் பையன் ஒருவன் எழுதியதை உலகம் இறக்கிப் பயன்படுத்தியது. எனக்கு இன்றும் பிடித்த பகுதி இதுதான். சி-யை நாங்கள் மீட்டதும் அப்படி ஒரு நிரலால்தான், பல வாரம் கழித்து.

பயாஸ் சிப்பைப் பிடுங்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறினோம். அதே மாடல் போர்டின் பயாஸை அதில் எழுதித் தந்தார்கள். புது போர்டு வாங்கச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

சென் மீது 1999-ல் வழக்கு நிற்கவில்லை. தைவானில் புகார் கொடுக்க யாரும் முன்வராததே காரணம்.

நோட்டீஸ் வியாழன் இரவு பிரஸ்ஸுக்குப் போனது. ஃபார்மட் ஆன மெஷினையும் சீனியர் விடவில்லை. டி.டி.பி. எழுத்துருவில் தமிழ் எல்லாம் உள்ளே ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் இருக்கும். எண்கள் மட்டும் எண்களாகவே இருக்கும். அதனால் ஊர் எஸ்.டி.டி. கோடான 04175-ஐப் போட்டு டிஸ்க் முழுக்கத் தேடினார். நிறைய இடத்தில் கிடைத்தது, எல்லாம் துண்டு துண்டாக. ஒரு கோப்பும் முழுசாகத் தேறவில்லை. கடைக்கார அண்ணன் அச்சான பழைய பிரதிகளை ஃபைலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு ஆடி மாசம் வரைக்கும் மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.