ஒதுங்க ஓர் இடம்: இடிமேகக் கொந்தளிப்பும் வான்வெளி அனுமதியும்

இடிமேகத்தருகே விமானம் குலுங்கியதாகச் செய்தி வந்தால், ‘ஏர் பாக்கெட்’டில் சிக்கியது என்று எழுதுவது நம் ஏடுகளின் வழக்கம். வானில் அப்படி ஒரு குழி கிடையாது. இடிமேகத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் மேலேறும் காற்றும் கீழிறங்கும் காற்றும் உரசிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்றைக் கடந்து மற்றொன்றில் நுழையும் இறக்கைக்குத் தூக்குவிசை சட்டென்று கூடுகிறது, அடுத்த நொடி சரிகிறது. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நாம் பெயரிட்ட நான்கும் திசைவிட்டுத் திசை போகிற காற்றுகள். செங்குத்தாக ஓடும் காற்றுக்கு அன்றாடப் பேச்சில் பழகிய பெயர் இல்லாததால், அந்த இடத்தில் ‘பாக்கெட்’ வந்து உட்கார்ந்துகொண்டது. குழி என்று சொல்லிவிட்டால் விழுந்தது விதி என்றாகிவிடும். யார், எப்போது, என்ன முடிவெடுத்தார் என்று கேட்கத் தோன்றாது.

அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை கேட்கிறது. கடும் கொந்தளிப்பை விமானியின் திறமைக்கான சோதனையாகப் பார்ப்பது பொது வழக்கு. திறமை தேவைப்படும் நொடிக்கு வெகுமுன்பே வழக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது என்பது என் வாதம். மழைக்கு ஒதுங்கத் திண்ணை வேண்டும். விமானத்துக்கு அந்தத் திண்ணை, வான்வெளியில் முன்கூட்டியே கிடைக்கும் அனுமதி.

மேலே ஏறித் தப்பிக்கலாமே என்று கேட்கலாம். நம் அகலாங்கில் அடிவளி அடுக்கு 16, 17 கிலோமீட்டர் வரை உயர்ந்திருக்கிறது. வலுத்த இடிமேகத்தின் தலை 50,000 அடியைத் தாண்டும். பயணிகள் விமானங்கள் பறப்பது பெரும்பாலும் 35,000 முதல் 41,000 அடி உயரத்தில். ஆகவே சுற்றிப் போவதுதான் வழி. வலுத்த மேகத்திலிருந்து 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர், விலகியிருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஓடும் விமானத்துக்கு இது மூன்று நிமிடத்துக்கும் குறைவான தூரம். ஒரு சிறு கணக்கு: மேகம் 80 கடல் மைல் தொலைவில் இருக்கும்போதே முடிவெடுத்தால் மூக்கை ஏறத்தாழ 15 பாகை திருப்பினால் போதும். 40 கடல் மைலில், திருச்சியிலிருந்து தஞ்சையைத் தாண்டிய தூரத்தில், முடிவெடுத்தால் 30 பாகை திருப்ப வேண்டும். தொலைவு பாதியானால் கேட்க வேண்டிய திருப்பம் இரட்டிக்கிறது. திரும்பும் பக்கத்து இடம் யாருடையது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

விமானத்தின் ரேடார் இதற்கு உதவும், ஒரு வரம்புக்குள். அது காண்பது மழைத்துளியை, காற்றை அன்று. உலர்ந்த பனித்துகள் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது என்பதால் 36,000 அடியில் நேராகப் பார்த்தால் மேகம் மெலிந்தே தெரியும். ஆன்டெனாவைத் தாழ்த்தி, துளி நிறைந்த அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். முன்னால் உள்ள கனமழை அலையை விழுங்கிவிட்டால் பின்னால் உள்ள மழை திரையில் விழாது. அங்கே தெரியும் கருப்பு, திறந்த வழி போலவே இருக்கும்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்.கியூ. 321, மியான்மரின் தென்பகுதிக்கு மேலே 37,000 அடியில் குலுங்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். விமானம் 6,000 அடி விழுந்தது என்று உலகெங்கும் செய்தி பரவியது. சிங்கப்பூர் விசாரணை அமைப்பின் முதற்கட்ட அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. அந்த 6,000 அடி, பல நிமிடங்கள் கழித்து, பாங்காக்குக்குத் திரும்புவதற்காகக் கட்டுப்பாட்டோடு இறங்கியது. குலுக்கத்தில் விமானம் இழந்த உயரம் 178 அடி. திருவரங்கத்து இராஜகோபுரத்தின் 236 அடியைவிட அது குறைவு. காயத்துக்குக் காரணம் இழந்த உயரம் அன்று, விசை மாறிய வேகம்: புவியீர்ப்பின் 1.35 மடங்காக இருந்த விசை 0.6 நொடியில் எதிர்த்திசையில் 1.5 மடங்காகி, அடுத்த 4 நொடிக்குள் மறுபடி 1.5 மடங்காகக் கீழே அழுத்தியது. பெல்ட் போடாத உடல் கூரையில் மோதி, பிறகு தரையில் விழும். விமானிகள் 21 நொடி கையால் ஓட்டி விமானத்தை மீட்டார்கள். வளர்ந்துகொண்டிருந்த வெப்பச்சலன மேகத்துக்கு மேலாக அது பறந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. உச்சம் தொட்ட மேகத்தை மட்டும் பார்த்தால் போதாது, அடியிலிருந்து முளைத்து வருவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்திய வரலாற்றில் இரண்டு தேதிகள் என்னை உறுத்துகின்றன. 1953 மே 2 அன்று கல்கத்தா டம்டம்மிலிருந்து கிளம்பிய பி.ஓ.ஏ.சி. காமெட் ஜெட் சில நிமிடங்களில் இடிப்புயலில் உடைந்து விழுந்து 43 பேரும் மாண்டனர். உலகின் முதல் பயணிகள் ஜெட் சேவை தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காப்பூருக்கு இறங்கிக்கொண்டிருந்த ஸ்பைஸ்ஜெட் போயிங் 737 அதே வங்கத்தில் அதே பருவத்தில் சிக்கியது. அங்கே அந்தப் புயலுக்குக் கால்பைசாகி என்று பெயர். விசை 2.64 மடங்குக்கும் எதிர்த்திசையில் 1.36 மடங்குக்கும் இடையே ஊசலாடியது. தானியங்கி இயக்கம் விடுபட்டது. பயணிகளும் பணியாளர்களும் காயமடைந்தனர். அவர்களில் ஒரு பயணி சில மாதங்களுக்குப் பின் இறந்தார். தலைமை விமானியின் உரிமம் 6 மாதம் முடக்கப்பட்டது. அந்தத் தண்டனை நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் 69 ஆண்டு இடைவெளியில் ஒரே வாரத்தில், ஒரே மாநிலத்தில் வந்து நிற்கும் புயலை எதிர்பாராதது என்று எந்த அமைப்பும் சொல்ல முடியாது. காமெட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் புயலைக் காட்ட ரேடார் இல்லை. 2022-இல் இருந்தது.

கேட்டும் கிடைக்காத கதை 2025 மே 21 அன்று நடந்தது. டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ 6ஈ 2142, 36,000 அடியில் பதான்கோட் அருகே ஆலங்கட்டி மழையை எதிர்கொண்டது. உள்ளே 220-க்கும் மேற்பட்டோர். எல்லைப் பக்கமாக இடப்புறம் விலக விமானிகள் விமானப்படையின் வடக்குக் கட்டுப்பாட்டைக் கேட்டார்கள், அனுமதி கிடைக்கவில்லை. பாகிஸ்தானின் லாகூர்க் கட்டுப்பாட்டைக் கேட்டார்கள், அங்கும் மறுத்தார்கள். திரும்பிவிட முயன்றபோது மேகம் நெருங்கிவிட்டிருந்தது. கடைசியில் அதற்குள்ளேயே புகுந்தார்கள். ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் இறங்கியது. வேகமானிகளை நம்ப முடியாது என்ற எச்சரிக்கைகள் வந்தன. மூக்குக் கூம்பு நொறுங்கியது. கையால் ஓட்டிப் பத்திரமாகத் தரையிறக்கினார்கள், யாருக்கும் காயமில்லை. திறமைக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. அந்தத் திறமையைக் கோரும் நிலை ஏன் வந்தது என்பதற்கான விடை விமானியறைக்கு வெளியே இருக்கிறது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் மோதல் நடந்த மாதம் அது. மறுப்புக்குக் காரணம் இருந்தது. மேகத்துக்கு அந்தக் காரணம் தெரியாது.

இனித் திருச்சி வானம். தென்னூரில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், சித்திரை மாலைகளில் வடமேற்கே கொல்லிமலைப் பக்கம் மேகம் பொங்கி, பட்டடைக்கல் போலத் தலை தட்டையாவதைப் பார்க்கலாம். கோடையில் உள்ளே நுழையும் கடற்காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றும் முட்டும் கோட்டில் இந்த மேகங்கள் முளைக்கின்றன. ஆடி முதல் புரட்டாசி வரை இன்னொரு விசித்திரம் உண்டு: கீழே பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று, 14, 16 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேரெதிராகக் கீழைத் தாரைக்காற்று. வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் விவரித்த காற்று அது. மேல்நாட்டுப் பாடநூலில் பட்டடைத் தலை கிழக்கே நீளும். நமக்கு அம்மாதங்களில் மேற்கே நீளும். அதன் அடியில் ஆலங்கட்டி விழக்கூடும் என்பதால் மேகத்தின் காற்றுமுகப் பக்கமாகவே சுற்ற வேண்டும், அதாவது கிழக்கே. திருச்சிக்குக் கிழக்கே இருப்பது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரி முதல் சுகோய்-30 அணி அங்கே நிலைகொண்டிருக்கிறது. தென்கிழக்கே இன்னும் போனால் கொழும்புக் கட்டுப்பாட்டின் எல்லை. இயற்கை ஒதுங்கச் சொல்லும் பக்கத்தில்தான் கேட்டுப் பெற வேண்டிய வானமும் இருக்கிறது.

2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்திய வான்வெளியில் 60 விழுக்காடு மட்டுமே தடையின்றிக் கிடைக்கிறது என்று கூறி, அதைத் தளர்த்தினால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றார். எரிபொருளும் நேரமும் அங்கே முன்வைத்த காரணங்கள். அதே தளர்வு இடிமேகத்திலிருந்து ஒதுங்கும் இடமாகவும் ஆகும் என்பதை நம் விவாதம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்கவே கேட்காத விமானிக்கு வான்வெளி திறந்திருந்து என்ன பயன் என்பது வலுவான மறுப்பு. அதில் உண்மை உண்டு. என்றாலும் மறுப்பு வரும் என்று பழகியவர் தாமதமாகவே கேட்பார், தாமதமாகக் கேட்டவருக்கு 30 பாகை தேவைப்படும், அது கிடைப்பது இன்னும் அரிது. பாதுகாப்புக் காரணத்தைச் சொல்வோருக்கும் பதில் உண்டு. நான் கேட்பது நிரந்தரத் திறப்பு அன்று. சென்னைக் கட்டுப்பாட்டுக்கும் தஞ்சை, சூலூர் விமானப்படைத் தளங்களுக்கும் இடையே, ஏப்ரல் பிறக்கும் முன்பே எழுதி முடித்த ஒப்பந்தம் ஒன்று வேண்டும்: இடிமேகம் காரணமாக விலகல் கேட்டால் எந்த உயரத்தில், எத்தனை கடல் மைல் வரை, யாரையும் தொலைபேசியில் தேடாமல் கொடுக்கலாம் என்று. போர் விமானம் பறக்கும் நேரத்தில் எந்தப் பக்கம் மூடும், அப்போது மாற்றாக எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் தாளில் மட்டுமே இடம் இருக்கும், விமானிக்கு இருக்காது.