பாலம் வந்தும் ஓடிய ஃபெரி

மலேசியாவில் பிறைக் கரையையும் பினாங்குத் தீவின் குளுகோரையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. பாலம் வந்த பிறகும் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஃபெரி ஓடிக்கொண்டேயிருந்தது. அதை யாரும் பழம்பாசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே கணினியில் விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 இரண்டையும் வைத்திருந்தவர்களை மட்டும் மாறத் தயங்கியவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழில் எழுதியவர்களுக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. அவர்களுடைய எழுத்து ஒரு வேகத்திலும் மேசைமேல் இருந்த கருவிகள் வேறொரு வேகத்திலும் மாறின. இடைவெளியை அடைக்க இரண்டு விண்டோஸ் தேவைப்பட்டது.

98இல் தமிழ் என்பது எழுத்துருவுக்குள் ஒளிந்திருந்த ஒன்று. திஸ்கி குறியாக்கத்தில் 256 இடங்களின் மேல்பாதியில் தமிழ் குடியிருந்தது. 'கொ' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று குறிகள் பதிவாகும். யுனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். கொம்பை இழுத்து முன்னே வைத்து வரைவது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் வரிசையில் அதை முதலில் ஏற்றது, லதா எழுத்துருவோடு 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000. பழைய எழுத்துரு அதிலும் ஓடுமே, பிறகு 98 எதற்கு என்று கேட்கலாம். ஓடும்தான். ஆனால் 98க்கென்று எழுதிய பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்கள் பலவும் 2000இல் ஏறவில்லை. வன்பொருளை நேரடியாகத் தொட்ட டாஸ் நிரல்களை அது உள்ளேயே விடவில்லை. இன்டெல் 1972 முதல் ஆலை நடத்திவரும் பினாங்கிலும் இதற்கு விலக்கில்லை. சில்லு எங்கே செய்யப்பட்டால் என்ன, டிரைவர் இல்லாத பிரிண்டர் வெறும் பெட்டி.

நிறுவுவதிலும் வரிசை உண்டு. 98 முதலில், 2000 பிறகு. மாற்றிச் செய்தால் 98 தொடக்கப் பகுதியைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும், மற்றது எழாது. சரியாகச் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரிகளும் 30 நொடிக் கணக்கும் வரும். அம்புக்குறியை அழுத்தாவிட்டால் முன்பே குறித்து வைத்த தளம் எழும். வன்தட்டை எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் முக்கியம்: 2000 தன் கோப்புகளை என்டிஎஃப்எஸ் முறையில் வைத்தால் 98 அந்தப் பகுதியைப் பார்க்கவே பார்க்காது. இரண்டுக்கும் பொதுவாக ஃபேட்32 பகுதி ஒன்று வேண்டும்.

திஸ்கியை யுனிகோடாக்கும் மாற்றி நிரல் ஒன்று இருந்தால் இத்தனையும் வீண்வேலை என்பது வலுவான மறுப்புதான். ஆனால் மாற்றி நிரல் தனி உரையை மாற்றும். பேஜ்மேக்கரில் கட்டிய பக்கத்தை மாற்றாது, பேஜ்மேக்கருக்கு யுனிகோடே தெரியாது. அதைவிடப் பெரிய காரணம், போக்குவரத்து ஒருவழியாக இருந்ததுதான். திஸ்கி உரை பொதுப் பகுதி வழியாக 2000க்கு வந்து சேரும். அங்கே யுனிகோடில் சேமித்த கோப்பை 98இன் நோட்பேடில் திறந்தால் குப்பை எழுத்துதான் மிஞ்சும். புதிய எழுத்து பெருகப் பெருக, 98ஐத் தேர்ந்து நுழைவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2006 ஜூலை 11இல் மைக்ரோசாப்ட் 98க்கான ஆதரவை நிறுத்தியது. பட்டர்வொர்த் ஃபெரிக்கு இரண்டு திசையிலும் பயணிகள் இருந்தார்கள். அது பாலத்துக்குப் பிறகும் 2020 முடியும்வரை கார்களை ஏற்றியது.