கல்கியின் நாவல்கள்

தமிழ் எழுத்தாளர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் (1899–1954) நாவல்கள் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் தொடங்கி, விடுதலைக்குப் பிந்தைய காலம் வரை நீள்பவை. ‘கள்வனின் காதலி’, ‘தியாகபூமி’ ஆகியவை ஆனந்த விகடனில் தொடராக வந்தன. 1941இல் கல்கி இதழ் பிறந்தபின் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘அலை ஓசை’, ‘பொன்னியின் செல்வன்’ அதில் வெளியாயின.

இவற்றுள் கட்டுக்கோப்பில் சிறந்தது ‘சிவகாமியின் சபதம்’ எனலாம். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் காலத்துப் பல்லவ–சாளுக்கியப் போரே அதன் களம். கதையில் வரும் மணிமங்கலம் போர்க்களம் கற்பனை ஊரன்று; இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தை அடுத்துள்ளது. நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் புலிகேசியை அங்கே வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகிறது. செப்பேட்டின் ஓரிரு சொற்களிலிருந்து மனிதர்களை எழுப்பியதே கல்கியின் பெருந்திறன்.

விடுதலைப் போராட்டத்தையும் பிரிவினைக் கொடுமையையும் சித்திரிக்கும் ‘அலை ஓசை’, அவர் மறைவுக்குப்பின் 1956இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. வரலாற்று நாவல்களின் புகழில் அது உரிய கவனம் பெறவில்லை. முற்றுப்பெறாத ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி நிறைவுசெய்தார். கல்கியின் பிறந்த நூற்றாண்டை ஒட்டித் தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கியதால், பல பதிப்பகங்கள் இவற்றை மலிவு விலையில் வெளியிடுகின்றன.