மகளிர் சுய உதவிக் குழு (தமிழ்நாடு)

மகளிர் சுய உதவிக் குழு என்பது ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே தெருவில் வாழும் 12 முதல் 20 வரையிலான பெண்கள் கூடிச் சேமித்து, அச்சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன் வழங்கிக்கொள்ளும் அமைப்பு ஆகும். தன்னுதவிக் குழு எனவும், பேச்சு வழக்கில் "குழு" எனவும் இது அழைக்கப்படுகிறது. 20 பேருக்கு மேற்பட்டோர் ஆதாய நோக்கில் சேர்ந்து இயங்கினால் பதிவு செய்தாக வேண்டும் என்று 1956 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கூறியது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு ஏற்பட்டது இதனாலேயே ஆகும்.

வரலாறு

1980களின் நடுப்பகுதியில், கர்நாடகத்தில் மைராடா என்னும் தொண்டு நிறுவனம் பணியாற்றிய பகுதிகளில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில சிதைந்தன. அவற்றிலிருந்து பிரிந்த சிறு குழுக்களே இம்முறைக்கு முன்னோடிகளாயின. தமிழ்நாட்டில் 1989 இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கப்பட்டன. இன்றைய கிருட்டிணகிரி மாவட்டமும் அன்று தருமபுரியுடன் இணைந்திருந்தது. 1983 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இப்பணியை நடத்தியது. 1992 இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் சோதனைத் திட்டத்தை நாட்டளவில் தொடங்கியது. 1997 இல் தொடங்கிய மகளிர் திட்டம் படிப்படியாக மாநிலம் முழுவதும் விரிவடைந்தது.

தருமபுரியில் குழுக்கள் தோன்றிய அதே 1989 இல்தான், இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை வழங்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. முதற் குழுக்களில் சேர்ந்த பெண்களில் பலர் அத்தகையோரே. 2005 ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்திருத்தம் வரை இந்நிலை நீடித்தது.

செயற்பாடு

குழு வாரந்தோறும் அல்லது மாதம் இருமுறை கூடுகிறது. ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகள் இருவரும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கை இவர்களே இயக்குகின்றனர். யாருக்கு, எதற்கு, எவ்வளவு கடன் என்பது கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் முடிவாகித் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அது வாசித்துக் காட்டப்பட வேண்டும். கைநாட்டு வைத்தவர்கள் கையொப்பமிடக் கற்றுக்கொண்டதும் இப்புத்தகத்தில்தான்.

தொடக்ககாலக் குழுக்களில் உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி பெறுவது பரவலாக இருந்தது. இது குறைந்த வட்டி அன்று. எனினும் கந்துவட்டிக்காரரிடம் கொடுப்பதைவிடக் குறைவு. மேலும் அவ்வட்டி குழுவின் பொதுநிதியிலேயே சேர்ந்தது. பிள்ளைப்பேறு, காய்ச்சல், பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கு வாங்கப்படும் சிறு கடன்களை "உற்பத்தி சாராதவை" என அதிகாரிகள் குறைத்து மதிப்பிடுவதுண்டு. குடும்பங்களைக் கந்துவட்டிக்குத் தள்ளுபவை இச்செலவுகளே என்பதால் அம்மதிப்பீடு சரியன்று.

சின்னப்பிள்ளை

மதுரை மாவட்டம் புல்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் குழுக்களின் தலைவர்களுள் ஒருவர். எழுத்தறிவு பெறாத வேளாண் கூலித் தொழிலாளியான இவர், நடவு, அறுவடைக் கூலிக்காக நில உடைமையாளர்களிடம் தொழிலாளர் சார்பில் பேசியவர். 1999 ஆம் ஆண்டுக்கான "ஸ்திரீ சக்தி" விருதை 2001 இல் இவருக்கு வழங்கியபோது, தலைமை அமைச்சர் வாச்பாய் இவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019 இல் இவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

விமர்சனங்கள்

கடன் பெண்ணின் பெயரிலும் செலவு கணவரின் கையிலும் இருப்பது அடிக்கடி சுட்டப்படும் குறையாகும். திருப்பிச் செலுத்தும் பொறுப்போ பெண்ணிடமே தங்கிவிடுகிறது. அரசு விழாக்களுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் ஆள் திரட்டக் குழுக்கள் பயன்படுத்தப்படுவதும் கண்டிக்கப்பட்டுள்ளது.

2000களுக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் அமைத்த கூட்டுப் பொறுப்புக் குழுக்களும் ஊர்களில் "குழு" என்றே வழங்கப்படுகின்றன. இவற்றில் பொதுச் சேமிப்போ தீர்மானப் புத்தகமோ முதன்மையானவை அல்ல. வட்டி நிறுவனத்திற்கே செல்கிறது. தவணை தவறிய பெண்ணின் வீட்டு வாசலில் வசூலிப்போர் அமர்ந்துகொள்வது போன்ற புகார்கள் எழுந்ததைத் தொடர்ந்து, கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்ட முன்வரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 இல் நிறைவேற்றியது.