மேலே அறுந்தால் ஒன்று, கீழே அறுந்தால் வேறு

கையை மடக்கினால் புஜத்தில் புடைக்கிற இருதலைத் தசை தோள்பட்டைப் பக்கமும் அறுந்துபோகலாம், முழங்கைப் பக்கமும் அறுந்துபோகலாம். பட்டென்று ஒரு சத்தம், சுரீரென்று வலி, வீக்கம், மறுநாள் கருநீலமாக ரத்தக்கட்டு. இரண்டும் தொடங்குவது இப்படித்தான். ஆனால் மேலே அறுந்தவருக்குப் பொதுவாக அவகாசம் உண்டு. கீழே அறுந்தவருக்கு அது குறைவு.

மேல்முனையில் தசையை இரண்டு நாண்கள் பிடித்திருக்கின்றன. பெரும்பாலும் அறுவது நீளமான நாண். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது தேய்ந்து நைந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போதுகூட விட்டுவிடலாம். குட்டை நாண் மிச்சமிருப்பதால் பலம் அதிகம் குறையாது.

கீழ்முனையில் இருப்பது ஒற்றை நாண். பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்குத்தான் இது அறுகிறது. மடக்கிய கையில் தாங்கிய மூட்டையோ பீரோவோ நழுவி, கையை வலுக்கட்டாயமாக நீட்டிவிடும் நொடியில் நடப்பது. அதற்குப் பிறகும் கை மடங்கும், வேறு தசைகள் கைகொடுப்பதால். அடி விழுவது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் விசையில். சுமார் 40 சதவீதம் வரை போய்விடும். வலக்கையால் திருப்புளி பிடித்துத் திருகாணியை முறுக்கி ஏற்றுகிறவருக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் சில மணி நேரம் இருவருக்கும் ஒரே கவனிப்புதான். வீக்கம் ஏறுமுன் மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி வைக்கலாம். கையை மடக்கிக் கழுத்தோடு துணிகட்டித் தாங்கவிட வேண்டும். சுடு ஒத்தடமும் எண்ணெய் போட்டு நீவுவதும் இப்போது ரத்தக்கசிவைத்தான் கூட்டும். (வீட்டுக்கு ஒரு சுளுக்கு வைத்தியர் இருக்கிற ஊரில் இதைச் சொல்லி ஜெயிப்பது சுலபமல்ல.) விரல்கள் மரத்து, வெளிறி, சில்லிட்டுப்போனாலோ, புஜம் கல்லாக இறுகி வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எந்த முனை என்பதற்குத் தசை உருண்டையே துப்பு. மேலே அறுந்தால் அது முழங்கையை நோக்கி இறங்கும். கீழே அறுந்தால் தோளை நோக்கி ஏறும். பருமனான கையிலும் வீங்கிய கையிலும் இது ஏமாற்றும். அப்போது கீழ்முனை நாணைச் சோதிக்க ஓடிரிஸ்கால் என்ற மருத்துவர் 2007-இல் விவரித்த கொக்கிச் சோதனை இருக்கிறது. முழங்கையை 90 பாகை மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிப் பிடிக்கச் சொல்வார்கள். மருத்துவர் தன் ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பின் வெளிப்பக்கமிருந்து உள்ளே கொக்கிபோல் மாட்டிப் பார்ப்பார். நாண் இருந்தால் விறைத்த கயிறாக விரலில் சிக்கும். முழுசாக அறுந்திருந்தால் விரலுக்கு எதுவும் அகப்படாது. பாதி அறுந்ததை இது காட்டிக்கொடுக்காது, ஸ்கேன்தான் வழி.

அவசரப் பிரிவில் கோட்டைவிடுவது பெரும்பாலும் எக்ஸ்ரேயை நம்பித்தான். எலும்பு முறியவில்லை, வெறும் பிடிப்பு என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. மேலே அறுந்தவருக்கு இதனால் பெரும்பாலும் நஷ்டமில்லை. சில நாள் ஓய்வு, பிறகு பிசியோதெரபி, பலருக்கு அத்தோடு சரி. கையைத் தூக்கவே முடியாவிட்டால் மட்டும் தோளின் மற்ற நாண்களையும் பார்க்க வேண்டும். கீழே அறுந்து, கையின் முழுப் பலமும் தேவைப்படுகிறவரை எலும்பு மருத்துவர் அந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது. நாணை எலும்போடு திரும்பப் பொருத்தும் அறுவை சிகிச்சை இரண்டு மூன்று வாரத்துக்குள் நடந்தால் எளிது. தள்ளிப்போனால் நாண் மேலே சுருங்கி வடுவோடு ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு வேறோர் இடத்து நாணை எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.